ஏன் கிளம்பவில்லை? – கடிதமும் பதிலும்

வணக்கம் டாக்டர்,

கிழக்கு உக்ரைனின் லுகான்ஸ்க் நகரில் நீங்கள் மருத்துவம் படித்த நாட்களைப் பற்றி அவ்வப்போது எழுதும் குறிப்புகளை விடாமல் படிக்கிறவன் நான். சென்ற வாரம் கிழக்கு உக்ரைனில் போர்முனையை ஒட்டிய ஒரு சின்னக் கிராமத்தைப் பற்றி ஒரு வீடியோ பார்த்தேன். வீட்டுக்குக் கூரை இல்லை. மின்சாரம் இல்லை, தண்ணீர் இல்லை. போலீஸ்காரர்கள் வேனோடு வந்து கெஞ்சுகிறார்கள். எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே "வரமாட்டேன்" என்கிறார். இரக்கத்தைவிட எரிச்சல்தான் வந்தது எனக்கு.

என் அத்தை மகள் கார்கிவில் படித்தவள். 2022-ல் மெட்ரோ நிலையத்தில் படுத்துக் கிடந்து, நெரிசலான ரயிலில் நின்றுகொண்டே லிவிவ் போய், போலந்து எல்லையைக் கடந்து ஊர் வந்து சேர்ந்தாள். கையில் ஒரே ஒரு பை. ஒரு இருபது வயதுப் பெண்ணால் முடிந்தது இவர்களால் ஏன் முடியவில்லை? ஏன் கிளம்பவில்லை? அல்லது ரஷ்யப் படை வரட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறார்களா? அப்படியானால் அவர்களுக்காக மற்றவர்கள் எதற்கு உயிரைப் பணயம் வைக்க வேண்டும்?

இன்னும் இரண்டு கேள்விகள். வரலாற்றுப்படி டான்பாஸ், அதாவது லுகான்ஸ்க், டொனெட்ஸ்க் மாகாணங்கள், யாருக்குச் சொந்தம்? அந்த ஊரை வைத்து நீங்கள் ஏன் ஒரு நாவல் எழுதக் கூடாது?

தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ரா., திருப்பூர்

*

அன்புள்ள ரா.,

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். நாவல் எழுத மாட்டேன். எனக்குத் தெரிந்தவர்கள் சிலர் இன்னும் அங்கே உயிரோடு, படையெடுத்து வந்த ஓர் அரசின் பிடியில் இருக்கிறார்கள். அவர்களைக் கதாபாத்திரங்கள் ஆக்க எனக்கு மனம் வரவில்லை.

வரலாறு பற்றிய கேள்வியிலும் அதிக நேரம் செலவிட விரும்பவில்லை. 1991 டிசம்பர் 1-ம் தேதி நடந்த வாக்கெடுப்பில், லுகான்ஸ்க் மாகாணத்தில் வாக்களித்தவர்களில் 83.86 சதவீதம் பேர் உக்ரைனின் விடுதலைக்கு ஆம் என்றார்கள். டொனெட்ஸ்கில் 83.90 சதவீதம். வீட்டில் ரஷ்ய மொழி பேசிய மக்கள்தான் அப்படி வாக்களித்தார்கள். 2014-ல் ஒளிந்துகொண்டும் 2022-ல் வெளிப்படையாகவும் ரஷ்யா படையெடுத்தது. இதில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. 1795-ல் எந்த ரஷ்ய ராணியின் உத்தரவில் லுகான்ஸ்கில் இரும்பு வார்ப்பாலை கட்டினார்கள் என்பதை வைத்து இன்று ஒரு கிழவியின் உருளைக்கிழங்குத் தோட்டத்துக்குப் பட்டா எழுத முடியாது. அதோடு அதை விட்டுவிடுவோம்.

முதல் கேள்விக்கு வருகிறேன். சில வாரங்களாகவே எனக்கு இதே நினைப்புதான், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. என்னோடு படித்த லுகான்ஸ்க் தோழி ஒருத்தி இப்போது போலந்தில் இருக்கிறாள். எங்கள் விடுதி வாசலில் வேலை பார்த்த அம்மாவை நாங்கள் தியோத்யா என்போம்; அவருடைய தங்கை ரஷ்ய பாஸ்போர்ட் வாங்கிவிட்டார் என்று போனில் சொன்னாள். எண்பதை நெருங்கும் கிழவி. "கடைசியில் அவளும் அந்தப் பக்கம் போய்விட்டாள்" என்று தோழி கசப்போடு முடித்தாள். நீங்கள் கேட்பதும் கிட்டத்தட்ட அதைத்தான். உங்கள் இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் அத்தை மகளைப் பற்றி ஒரு வார்த்தை. தம்பி, அவள் பட்ட பாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ரயில்களில் ஏற முடியாமல் எங்கள் பிள்ளைகள் நடைமேடையில் அடிபட்டதை எல்லாம் நானும் அன்றைக்குப் போனில் கேட்டுக்கொண்டிருந்தவள்தான். ஆனால் அவளை அந்தப் பாட்டியோடு ஒப்பிட்டீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. உங்கள் அத்தை மகள் ஒரு பையோடு கிளம்பினாள், ஏனென்றால் மற்ற எல்லாமே அவளுக்குத் திருப்பூரில் இருந்தது. அம்மா இருந்தாள், அப்பா இருந்தார், கட்டில் இருந்தது, சோறு இருந்தது. விமானம் அனுப்ப ஓர் அரசு இருந்தது. அவள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பாட்டியை வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாமல் "முடிந்தது, முடியவில்லை" என்று மதிப்பெண் போடக் கூடாது.

சரி, தியோத்யா. நாம் அத்தை என்பதுபோல அங்கே தியோத்யா என்பார்கள், பெயரோடு சேர்த்து. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. பேத்தி அங்கேதான் இருக்கிறாள். லுகான்ஸ்க் மருத்துவக் கல்லூரி விடுதியில், வாசல் மேசையில் உட்கார்ந்து சாவி வாங்கி வைப்பது, வருகிறவர் போகிறவரை நோட்டில் எழுதுவது, இரவு பதினொரு மணிக்குக் கதவைப் பூட்டுவது, இதெல்லாம் அவர் வேலை. 1990-களின் நடுப்பகுதி அது. அப்போது பெண்களுக்கு 55 வயதில் ஓய்வூதியம் வந்துவிடும். அதை வாங்கிக்கொண்டே விடுதி வேலைக்கும் வந்தார். வாங்கிக்கொண்டே என்று எழுதுகிறேன், ஆனால் அந்த வருடங்களில் ஓய்வூதியம் மாதக்கணக்கில் பாக்கி நிற்கும். சம்பளமும் அப்படித்தான். நகரத்தின் பெரிய ரயில் எஞ்சின் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள்கூட சந்தையில் பழைய திருகாணிகளைத் துணி விரித்து விற்றுக்கொண்டிருந்தார்கள்.

தியோத்யா அதற்கு முன் முப்பது வருடங்களுக்கு மேல் கூட்டுப் பண்ணையில் மாடு கறந்தவர். சோவியத் சேமிப்பு வங்கியில் மகள் கல்யாணத்துக்கென்று பணம் சேர்த்து வைத்திருந்தார். 1993-ல் உக்ரைனில் பணவீக்கம் பத்தாயிரம் சதவீதத்தைத் தாண்டியது. பாஸ்புத்தகத்தில் எண் அப்படியே இருந்தது; அதை வைத்து ரொட்டிதான் வாங்கலாம் என்ற நிலை. அந்தப் பாஸ்புத்தகத்தை அவர் தூக்கிப் போடவில்லை. மேசை இழுப்பறையில் சாவிகளுக்குக் கீழே கிடந்தது. எங்களுக்கு ஒருமுறை எடுத்துக் காட்டினார். "இதில் என் முழங்கால் இருக்கிறது" என்றார். பால் கறக்கக் குந்திக் குந்தித் தேய்ந்த முழங்கால்.

அவர் ஊர் லோபாச்சேவே. பெயரை யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். சீவெர்ஸ்கி டொனெட்ஸ் ஆற்றின் வடகரையில் சில நூறு பேர் மட்டும் வாழ்ந்த கிராமம். எதிர்க்கரையில் ஜோவ்தே என்ற கொஞ்சம் பெரிய ஊர். கிராம சபை அலுவலகம் ஜோவ்தேயில். லோபாச்சேவேக்காரர்களுக்குச் சான்றிதழ், கையெழுத்து, முத்திரை எது வேண்டுமானாலும் ஆற்றைத் தாண்ட வேண்டும். படகில் ஏறினால் அக்கரை. அங்கிருந்து பஸ் பிடித்து லுகான்ஸ்க். தியோத்யா வேலைக்கு வந்ததும் அப்படித்தான். அவர் தங்கை ஜோவ்தேயில் வாக்கப்பட்டவர். ஒரு கரையில் அக்கா, ஒரு கரையில் தங்கை, நடுவில் ஆறு. ஒருவர் வீட்டில் ரொட்டி சுட்டால் படகுக்காரரிடம் கொடுத்தனுப்புவார்கள்.

உருளைக்கிழங்கு தோண்டும் காலத்தில் எங்களை அங்கே கூட்டிப் போவார். வடகரை முழுக்க மணல். அதற்கப்பால் பைன் காடு. தென்கரை மேடு. வீட்டுக்குப் பின்னால் கோடைகாலச் சமையலறை என்று தனியாக ஒரு சின்னக் கட்டடம், அதற்கடுத்து நிலவறை. மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடிகளில் தக்காளியும் வெள்ளரியும் பூண்டும் சதகுப்பையும் போட்டு அடைத்து, நிலவறைப் படியில் வரிசையாக வைத்திருப்பார். வீட்டிலிருந்து எனக்குப் பணம் வராமல் போன ஒரு குளிர்காலத்தில் அந்த ஜாடிகளும் ஒரு சாக்கு உருளைக்கிழங்கும்தான் என் அறைக்கு வந்தன. எனக்கு மட்டுமல்ல, எங்கள் மாடியில் இருந்த நாலைந்து பேருக்கு அந்தத் தோட்டம்தான் சோறு போட்டது. அவருக்கே சம்பளம் வராத மாதங்கள் அவை.

ஒரு வீட்டைவிட்டு ஏன் கிளம்பவில்லை என்று கேட்கும்போது நீங்கள் பார்ப்பது கூரையை. நான் சொல்வது அந்த நிலவறையை. கிழக்கு உக்ரைன் கிராமத்தில் ஒரு முதியவளுக்கு வங்கியும் அதுதான், காப்பீடும் அதுதான். அரசு கொடுப்பதை நம்பி ஏமாந்த ஒரு தலைமுறை, மண்ணுக்கடியில் தன் கையால் அடுக்கி வைத்ததை மட்டுமே நம்பக் கற்றுக்கொண்டது. அதை ஒரு பையில் போட முடியாது.

2014 கோடையில் போர் அந்த ஆற்றுக்கு வந்து நின்றது. இரண்டாம் உலகப் போரிலும் 1943-ல் அதே ஆறுதான் மாதக்கணக்கில் முனையாக இருந்தது. தியோத்யா அப்போது கைக்குழந்தைப் பருவம் தாண்டியவர். இந்த முறை தென்கரை, ஜோவ்தே உட்பட, ரஷ்யா தாங்கிப் பிடித்த "லுகான்ஸ்க் மக்கள் குடியரசு" கையில். வடகரை, லோபாச்சேவே உட்பட, உக்ரைன் கையில். அக்டோபர் 7-ம் தேதி கீவ் நாடாளுமன்றம் ஒரு தீர்மானம் போட்டு வடகரைக் கிராமங்கள் சிலவற்றை ஸ்லோவியானோசெர்ப்ஸ்க் மாவட்டத்திலிருந்து பிரித்து நோவோஐதார் மாவட்டத்தோடு சேர்த்தது. நிர்வாகத்துக்கு அது தேவைதான், குறை சொல்லவில்லை. படகு கொஞ்ச காலம் ஓடியது. அப்புறம் அதுவும் நின்றது.

இனிமேல் நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். "யார் பக்கம்" என்ற உங்கள் கேள்விக்கு இதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை.

2014 நவம்பரில் உக்ரைன் அரசு தன் கட்டுப்பாட்டில் இல்லாத பகுதிகளுக்கு ஓய்வூதியம் உட்பட எல்லாப் பணப்பட்டுவாடாவையும் நிறுத்தியது. வங்கி இல்லை, கருவூலம் இல்லை, பண வண்டி போனால் ஆயுதக்காரர்கள் பிடுங்கிக்கொள்வார்கள். அதுவரை நியாயம். அடுத்து வந்த விதிதான் அநியாயம். ஓய்வூதியம் வேண்டுமானால் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து "இடம்பெயர்ந்தவர்" என்று பதிவு செய்ய வேண்டும். அங்கே ஒரு முகவரி காட்ட வேண்டும். அறுபது நாட்களுக்கு மேல் அந்தப் பகுதியைவிட்டு வெளியே இருக்கக் கூடாது. அரசு வங்கியில் அவ்வப்போது நேரில் வந்து முகம் காட்ட வேண்டும். சொன்ன முகவரியில் உண்மையாகவே இருக்கிறாரா என்று வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார்கள். இல்லையென்றால் பணம் நிறுத்தப்படும்.

தங்கையின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். அவர் எங்கேயும் இடம்பெயரவில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில்தான் இருக்கிறார், அதே அடுப்பு, அதே கிணறு. நாற்பது வருட உழைப்புக்கான பணத்தை வாங்க அவர் அகதி என்று பொய் சொல்ல வேண்டும். அக்கா வீட்டு முகவரியைக் கொடுத்துப் பதிந்தார். அக்கா வீடு அவர் தோட்டத்தில் நின்றால் தெரியும். ஆனால் ஆற்றைத் தாண்டக் கூடாது. ஜோவ்தேயிலிருந்து லுகான்ஸ்க் நகரம், அங்கிருந்து ஸ்டனிட்சியா லுகான்ஸ்கா பாலம், பாலத்தைத் தாண்டி வேறு வண்டிகள் பிடித்து வடகரை வழியாகச் சுற்றி மறுபடி மேற்கே வந்தால் லோபாச்சேவே. ஆற்றைக் கடக்கச் சில நிமிடங்கள் போதும். இப்படிச் சுற்றினால் போகிற நாள் ஒரு நாள், திரும்புகிற நாள் ஒரு நாள்.

அந்தப் பாலத்தைப் பற்றியும் சொல்கிறேன். லுகான்ஸ்க் மாகாணம் முழுவதற்கும் இரண்டு பக்கமும் போய்வர இருந்த ஒரே வழி அதுதான், அதுவும் நடந்து போகிறவர்களுக்கு மட்டும். 2015-ல் பாலத்தின் ஒரு பகுதி தகர்க்கப்பட்டது. இடிந்த இடத்தில் செங்குத்தாக மரப்படிகளும் சரிவும் போட்டிருந்தார்கள். குளிர்காலத்தில் அதில் பனி உறையும். ஊன்றுகோலோடும் தள்ளுவண்டியோடும் மூட்டையோடும் கிழவர்கள் ஏறி இறங்கினார்கள். 2019-ல் ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் வரைக்கும் அதைக் கடந்தார்கள். டொனெட்ஸ்க் பக்கத்துப் பாதைகளையும் சேர்த்தால் மாதத்துக்குப் பத்து லட்சம் கடப்புகளுக்கு மேல். அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்கள். வெயிலிலும் பனியிலும் மணிக்கணக்காக நின்று, வரிசையிலேயே மாரடைப்பு வந்து செத்தவர்கள் உண்டு. நான் ஒரு டாக்டர். எழுபது வயது இதயத்தை அந்த வரிசையில் நிற்க வைப்பது என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். 2019 நவம்பரில்தான் பாலத்தைச் சரிசெய்தார்கள். நாலரை வருடம்.

கீவில் சில அதிகாரிகள் இதற்கு "ஓய்வூதியச் சுற்றுலா" என்று பெயர் வைத்தார்கள். அந்தச் சொல்லை முதலில் கேட்டபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது. பென்ஷன் என்பது யாரும் போடும் பிச்சை இல்லை, தம்பி. அது அவள் சம்பளம். மாடு கறந்தபோதும் சுரங்கத்தில் இறங்கியபோதும் பிடித்து வைத்துக்கொண்ட சம்பளத்தைத்தான் வயதான பிறகு கொடுக்கிறார்கள். அவள் எந்தக் கொடிக்குக் கீழே தூங்குகிறாள் என்று பார்த்து அதைக் கொடுப்பதும் நிறுத்துவதும் திருட்டு. என் அன்புக்குரிய நாடு அது, எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த நாடு, இன்றைக்கு அநியாயமாகத் தாக்கப்படுகிற நாடு. அதனால் அது செய்த திருட்டு வேறு பெயர் பெற்றுவிடாது. இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2018-ல் உக்ரைனின் உச்ச நீதிமன்றமே ஒரு மாதிரி வழக்கில், இந்தக் காரணங்களைக் காட்டி ஓய்வூதியத்தை நிறுத்தக் கூடாது என்று தீர்ப்பு சொன்னது. வழக்குப் போட்டவருக்குப் பணம். மற்றவர்களுக்கு அதே வரிசை. 2014 ஆகஸ்டில் அந்தப் பகுதிகளில் 12 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியக்காரர்கள் இருந்தார்கள். 2018 இறுதியில் உக்ரைனிடமிருந்து பணம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள் ஏறக்குறைய 5.6 லட்சம் பேர்தான். மற்றவர்களில் எத்தனையோ பேர் நடக்க முடியாதவர்கள், படுக்கையில் கிடந்தவர்கள்.

தியோத்யா 2018 குளிர்காலத்தில் இறந்துபோனார். மூன்றாம் நாள் அடக்கம் செய்வது அவர்கள் வழக்கம். செய்தி போய், தங்கை லுகான்ஸ்க் போய், பாலத்தில் நின்று, சோதனை முடிந்து, வண்டி கிடைத்து, லோபாச்சேவே வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்தத் தங்கை அதற்குப் பிறகும் அறுபது நாளுக்கு ஒருமுறை, இறந்த அக்காவின் வீட்டில் "வசிப்பதற்காக" அந்தப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார். 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி இரண்டு பக்கமும் கதவை மூடின. ஜூனில் பகுதியாகத் திறந்தார்கள். அந்த நவம்பரில் உக்ரைன் ஷ்சாஸ்தியாவிலும் ஸோலோத்தேயிலும் புதிய பாதைகளைத் திறந்து வைத்தது, எதிர்ப்பக்கம் திறக்கவில்லை. ஷ்சாஸ்தியா திறந்திருந்தால் அவருக்குப் பாதித் தூரம் மிச்சம்.

இப்போது சொல்லுங்கள், இந்தப் பெண் யார் பக்கம்? எட்டு வருடம் இந்தக் கேள்வியோடுதான் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவளை நிறுத்தினார்கள். அந்தப் பக்கத்தில் துப்பாக்கி வைத்திருந்த பையன், "கீவ் காசு வாங்கப் போகிறாயா" என்றான். இந்தப் பக்கத்து அலுவலர், "அங்கேயும் ரூபிளில் வாங்குகிறாய், இங்கேயும் வாங்குகிறாயா" என்றார். ஆமாம், லுகான்ஸ்கில் 2015 முதல் ரூபிளில் கொஞ்சம் கொடுத்தார்கள், அதையும் வாங்கினாள். இரண்டையும் சேர்த்தால்தான் நிலக்கரியும் மருந்தும் வாங்க முடியும் என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்? திருப்பூரிலிருந்து வீடியோ பார்த்துவிட்டு நீங்களும் அதே சாவடியில் போய் நின்றுகொண்டு அதே கேள்வியைக் கேட்கிறீர்கள். ரஷ்யன் வரட்டும் என்று காத்திருப்பவர்களை அங்கே "ஜ்துன்" என்று திட்டுவார்கள். அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. குண்டு விழும் இடத்தைக் காட்டிக் கொடுத்தவர்களும் உண்டு, அவர்கள்மேல் எனக்கு இரக்கம் கிடையாது. ஆனால் கோழிக்குத் தீனி போடுகிற ஒரு கிழவியைப் பார்த்த உடனே அந்தச் சொல் மனசில் வருகிறதே, அது உங்கள் மனசில் உள்ள கோளாறு. அதைக் கொஞ்சம் கவனியுங்கள்.

2022 பிப்ரவரியில் முழுப் படையெடுப்பு தொடங்கிய சில நாட்களுக்குள் ஸ்டனிட்சியாவும் ஷ்சாஸ்தியாவும் அந்த வடகரையும் ரஷ்யர் கைக்குப் போய்விட்டன. இனி ஆற்றின் இரண்டு கரையும் ஒரே ஆக்கிரமிப்பின் கீழ். செப்டம்பர் இறுதியில் லுகான்ஸ்க், டொனெட்ஸ்க், ஸபோரிஜியா, கெர்சான் என்ற நாலு மாகாணங்களையும் தன்னுடையவை என்று மாஸ்கோ அறிவித்தது. அப்புறம் அவர்கள் கையில் எடுத்ததும் என்ன தெரியுமா? அதே பென்ஷன்தான். இந்த முறை ரஷ்ய பாஸ்போர்ட் இருந்தால்தான் பென்ஷன், அது இருந்தால்தான் ஒழுங்கான மருத்துவம். 2023-ல் வந்த ஓர் ஆணைப்படி, பாஸ்போர்ட் எடுக்காதவர்கள் 2024 ஜூலை முதல் தன் சொந்த ஊரிலேயே அந்நியர்கள். அந்தத் தங்கைக்கு நீரிழிவு உண்டு. அவர் பாஸ்போர்ட் வாங்கினார்.

என் போலந்துத் தோழிக்கும் இதைத்தான் சொன்னேன். தியோத்யாவின் தங்கை "அந்தப் பக்கம்" போகவில்லை. இன்சுலின் இருக்கும் இடத்துக்குப் போனாள். எண்பது வயதில் அவளிடம் தேசபக்திக்குப் பரீட்சை வைக்கும் உரிமை, அவள் பணத்தை வருடக்கணக்கில் பிடித்து வைத்த எந்த அரசுக்கும் இல்லை. வெளிநாட்டில் கதகதப்பான அறையில் உட்கார்ந்திருக்கும் நமக்கும் இல்லை. தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. அவள் தன் அம்மாவை அங்கே விட்டுவிட்டு வந்தவள். அவளுடைய கசப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் எனக்குத் தெரியும். அவளை நான் திட்டவில்லை. உங்களைத்தான் திட்டுகிறேன், ஏனென்றால் உங்களுக்கு அப்படி எந்தக் காயமும் இல்லை.

நீங்கள் பார்த்த வீடியோவின் பாட்டி உக்ரைன் கட்டுப்பாட்டில் இருக்கும் பகுதியில் இருப்பவர். வேனோடு வந்து கெஞ்சும் அந்தப் போலீஸ்காரர்கள் பெரிய மனிதர்கள், இந்த வேலையில் அவர்கள் உயிரைப் பணயம் வைக்கிறார்கள். பாட்டி அவர்களோடு கிளம்பினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2024-ல் உக்ரைனில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 2,361 ஹிரிவ்னியா. நம் பணத்தில் ஐயாயிரம் ரூபாய்க்குப் பக்கம். இடம்பெயர்ந்தவர் உதவித்தொகை 2,000 ஹிரிவ்னியா. இரண்டையும் சேர்த்தாலும் நீப்ரோவிலோ கார்கிவிலோ ஓர் அறை வாடகை எடுத்து, குளிர்காலத்துக்கு வெப்பமூட்டும் கட்டணம் கட்டி, மருந்து வாங்கிச் சாப்பிடுவது கஷ்டம். முனையை ஒட்டிய வீட்டை வாங்க ஆள் கிடையாது. பள்ளிக்கூட அறையில், கட்டில் கட்டிலாகப் போட்ட கூடத்தில், தெரியாதவர்களுக்கு நடுவே படுக்க இடம் கிடைக்கும். நிறையப் பேர் அப்படிப் போனார்கள். கையிருப்பு தீர்ந்ததும் குண்டு விழும் ஊருக்கே திரும்பியவர்களும் நிறையப் பேர். ஊரில் கிணறு இருக்கிறது, விறகு இருக்கிறது, நிலவறையில் ஜாடி இருக்கிறது.

உயிரைவிட இதெல்லாம் பெரிதா என்று கேட்பீர்கள். பெரிதில்லை. என் அம்மாவாக இருந்தால் நான் தூக்கிக்கொண்டாவது வந்துவிடுவேன். குழந்தைகள் இருக்கும் வீடுகளில் கட்டாயமாக வெளியேற்றுவது சரி என்றுதான் நினைக்கிறேன், அதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் தனியாக இருக்கும் ஒரு முதியவள் போகாமல் நிற்பதை முட்டாள்தனம் என்றோ துரோகம் என்றோ சொல்லும்முன், போன பிறகு அவள் எப்படி வாழ்வாள் என்பதற்கு யாராவது பொறுப்பெடுத்துக்கொண்டார்களா என்று கேளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்த வரியும் ஒன்று உண்டு. இரக்கத்தைவிட எரிச்சல்தான் வந்தது என்று ஒளிக்காமல் எழுதியிருந்தீர்கள். அந்த நேர்மைக்காகத்தான் இவ்வளவு நீளமாக உட்கார்ந்து எழுதுகிறேன். எரிச்சல் பல சமயம் பயத்திலிருந்து வருவது. உங்கள் அத்தை மகள் திரும்பி வரும்வரை உங்கள் வீட்டில் யாரும் தூங்கியிருக்க மாட்டீர்கள். அந்தப் பயம் இன்னும் உங்களை விட்டுப் போகவில்லை என்று நினைக்கிறேன்.

ஒரு வேலை தருகிறேன், செய்யுங்கள். கார்கிவ் விடுதியிலும் வாசலில் சாவி வாங்கி வைக்க ஒரு தியோத்யா இருந்திருப்பார். அவர் எங்கே இருக்கிறார், எந்தக் கிராமத்துக்காரர், குளிருக்கு விறகோ கரியோ இருக்கிறதா, பென்ஷன் கைக்கு வருகிறதா என்று உங்கள் அத்தை மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். கூடப் படித்தவர்களின் வைபர் குழுவில் யாரிடமாவது எண் இருக்கும். அந்த ஊரில் இருந்து படித்த பெண்ணுக்கு அந்த மொழி மறந்திருக்காது. கிடைத்தால் அவளையே பேசச் சொல்லுங்கள். ஏதாவது அனுப்ப வேண்டியிருந்தால் எனக்கு எழுதுங்கள். எப்படி அனுப்புவது என்று எனக்குத் தெரியும்.